பன்மையா, உரிமையா? – கல்லூரிச் சேர்க்கையில் இடஒதுக்கீட்டின் அறம்

முன்னுரை

பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டி போன்ற தகவல் தொழில்நுட்ப வளாகங்களில் 'பன்முகத்தன்மை' என்பது அடிக்கடி வழங்கும் சொல்லாகும். எனினும், தனியார் நிறுவனப் பணிகளுக்கு அரசின் சாதிவழி இடஒதுக்கீடு பொருந்துவதில்லை. ஆதலின், அவ்வளாகங்களுக்குள் எவர் நுழைவர் என்பதைப் பெருமளவு கல்லூரி வாயிலே முடிவு செய்கிறது. அவ்வாயிலை எவ்வறத்தின் அடிப்படையில் திறப்பது என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

இருவகை நியாயங்கள்

அமெரிக்க உச்சநீதிமன்றத்தின் 1978ஆம் ஆண்டுப் பாக்கி வழக்கில், சேர்க்கையின்போது இனத்தையும் கருதலாம் என்பதற்கு நீதிபதி பவல் காட்டிய நியாயம் வகுப்பறைப் பன்மையாகும். இந்நியாயத்தில் கறுப்பின மாணவர் பிறர் கல்விக்கு வளம் சேர்ப்பவராகிறார். 2023இல் ஹார்வர்டு வழக்கில் அந்நீதிமன்றமே இனம் கருதும் சேர்க்கைமுறையை ஏற்க மறுத்தது.

நம் மரபு வேறானது. மைசூர் அரசு 1918இல் மில்லர் குழுவை அமைத்தது, அரசுப் பணிகளில் பிற வகுப்பினர்க்கு உரிய பங்கு இல்லாமை கருதியே. சென்னை மாகாண வகுப்புவாரி ஆணை, ஒவ்வொரு 14 கல்லூரி இடங்களையும் ஆறு பிரிவினர்க்குப் பகிர்ந்தளித்தது. செண்பகம் துரைராசன் வழக்கில் 1951இல் அவ்வாணை செல்லாதாயிற்று. அவ்வாண்டே அரசியலமைப்பின் முதல் திருத்தம் 15(4)ஆம் உட்பிரிவைச் சேர்த்தது. ஈண்டுப் பேசப்பட்டது பங்கும் உரிமையுமே எனலாம்.

மறுப்பும் விடையும்

தாம் செய்யாத தவறுக்கு ஒரு மாணவர் இடமிழப்பது முறையோ என்பது வலுவான மறுப்பாகும். அவ்விழப்பு மெய்யானது, அதனை மறைப்பது நேர்மையன்று. ஆயின், மதிப்பெண் உழைப்பை மட்டும் அளப்பதன்று. பள்ளி, பெற்றோர் கல்வி, பயிற்சிக் கட்டணம் ஆகியவற்றையும் உடன் அளக்கிறது. தமிழ்நாட்டில் 2020இல் அரசுப்பள்ளி மாணவர்க்கு மருத்துவச் சேர்க்கையில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வழங்கப்பட்டமை இவ்வுண்மையை ஏற்றதன் விளைவாகும். பொதுநிதியால் உருவான இடம், சேர்க்கைக்கு முன்னரே எவர்க்கும் உரிய உடைமையன்று. இவ்வளவுகோல் ஒதுக்கீடு பெறுவோர்க்கும் பொருந்தும்: ஒரு பிரிவினுள் முன்னேறிய குடும்பங்களே தலைமுறைதோறும் பயன்பெறின், பின்தங்கியோர் அதே வினாவை எழுப்புதல் முறையே.

முடிவுரை

பன்மை, 'இவர் வருகையால் எமக்கு என்ன பயன்?' என வினவுகிறது. நீதி, 'இவர் இதுவரை வாராமைக்கு யாது காரணம்?' என வினவுகிறது. பயன் போதும் எனத் தோன்றும் நாளில் முன்னது கதவை அடைத்துவிடலாம். காரணம் நீங்கும்வரை பின்னது அடைக்க இயலாது. ஆகவே, இடஒதுக்கீட்டைப் பன்மையின் மேலன்றி நீதியின் மேல் நிறுவுவதே அறம் எனத் துணியலாம்.