பொறுமையும் புறங்கூறலும்

அண்டை வீட்டார் நள்ளிரவிலும் ஒலிபெருக்கியை அலற விடுகின்றனர். அவர்களிடம் ஒன்றும் கூறாது, காண்போரிடமெல்லாம் சொல்லி மனம் ஆற முயல்கிறோம். மனம் ஆறுகிறதா? சொல்லுந்தோறும் குரோதம் புதிதாய்ப் பிறக்கிறது. கேட்போர் உள்ளத்திலும் பற்றுகிறது. இரைச்சல் ஓரிரவில் ஓய்ந்தது; அதனைத் திங்கள் முழுதும் நீட்டுவது நம் நாவே.

அங்ஙனமாயின் வாளா இருத்தல் பொறுமையா? அன்று. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கியைப் பொதுவாகத் தடுக்கும் விதிகள் 2000-ஆம் ஆண்டிலேயே வந்தன. நோயாளியும் தேர்வெழுதும் சிறாரும் வாழும் தெருவில் மௌனம் அறமாகாது. உரியவரிடம் நேரில், இன்சொல்லால் கூறுதலே முறை.

வள்ளுவர் வெகுளாமைக்கும் புறங்கூறாமைக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தார். முகத்தில் சினம் காட்டாதவரும் புறத்தே பழிக்கக் கூடுமன்றோ! கூற வேண்டியவரிடம் கூறுவோம். பிறரிடம் நாவடக்கம் காப்போம்.