பிள்ளைகள் முன் தடுமாறுங்கள்

அரசுப் பள்ளிகளில் பணியாற்றும் ஆசிரியத் தோழர்களே, பள்ளி திறக்க இன்னும் சில நாள்களே இருக்கின்றன. அதற்குள் இதைச் சொல்லிவிட வேண்டும்.

உங்கள் வகுப்பின் கடைசி வரிசையில் ஒரு பிள்ளை இருக்கும். விடை தெரிந்தாலும் கை தூக்காது. அப்பா செங்கல் சூளையில், அம்மா நூறு நாள் வேலையில். அந்த வீட்டில் பள்ளிப் படியேறிய முதல் ஆள் அதுதான். வசதியான வீட்டுப் பிள்ளை தப்பாகச் சொன்னால் திருத்த வீட்டில் ஆள் உண்டு, டியூஷன் உண்டு. இந்தப் பிள்ளைக்கோ ஒவ்வொரு தவறும் 'உனக்கெல்லாம் படிப்பு எதுக்கு' என்ற பேச்சை மெய்யாக்கிவிடும். அதனால் வாயை மூடிக்கொள்கிறது. 'பயப்படாமல் பேசு' என்று நாம் நாள் முழுக்கச் சொல்கிறோம். தப்பாகிவிடலாம் என்று தெரிந்தும் பேசத் துணிந்த ஒரு பெரியவரை அது எங்கே பார்த்தது?

என் கதையையே சொல்கிறேன். 2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007-08-இல் மாநிலம் முழுவதும் வந்தது. பாட அட்டைகள், அவற்றின் வரிசையைக் காட்டும் ஏணிப்படி, பிள்ளைகளின் உயரத்துக்குச் சுவரோரம் தாழ்வான கரும்பலகை. ஆசிரியர் நாற்காலியை விட்டு இறங்கிப் பாயில் பிள்ளைகளோடு உட்கார வேண்டும். எனக்கு இறங்க மனம் வரவில்லை. நின்று நடத்திப் பழகிய பாடம் எனக்கு அத்துபடி. அட்டையோடு உட்கார்ந்தால் அடுத்தது என்ன என்று எனக்கே தெரியாது. அதைப் பிள்ளைகள் கண்டுகொள்வார்களே என்ற பயம். அட்டைகள் அலமாரிக்குள் போயின. அதிகாரிகள் பார்வையிட வரும் நாளில் மட்டும் பாயை விரித்து உட்காருவேன். அப்படி ஒருநாள் உட்கார்ந்தபோது இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கேட்டாள்: "சார், இன்னிக்கு யாரு வர்றாங்க?"

ஏழு வயதில் அவள் என்னிடம் கற்றுக்கொண்ட பாடம் அது. புதியது என்றால் பிறர் கண்ணுக்காகச் செய்வது. அதை நான் எந்த அட்டையிலும் எழுதிக் கொடுக்கவில்லை, வாழ்ந்து காட்டினேன். இத்தனை ஆண்டு கழித்தும் அந்தக் கேள்வி உறுத்துகிறது.

சுற்றறிக்கைக்கு மேல் சுற்றறிக்கை, முடிவே இல்லாத எமிஸ் இணையதளப் பதிவு, ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர்கள். எல்லாம் தெரியும். உங்களோடு கலந்து பேசாமல் மேலிருந்து இறங்கும் மாற்றத்தில் களைப்பு வருவது நியாயம். அந்தக் களைப்பை அதிகாரிகளிடம் உரக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளிடம் அதை இறக்கி வைக்காதீர்கள். 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தபோது அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலை பிரித்தோம். அரும்பு நிலையில் இருக்கும் பிள்ளை, தன் ஆசிரியரும் ஏதோ ஒன்றில் அரும்புதான் என்று கண்ணால் கண்டால் அந்த நிலை அதற்கு இழிவாகத் தெரியாது.

ஆங்கிலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2012-13 முதல் நம் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் பெருகின. நம்மில் பெரும்பாலோர் தமிழ் வழியில் படித்தவர்கள். பேச்சில் தடுமாறுவோம் என்று பாடப்புத்தகத்தை வாசித்து, தமிழில் பொருள் சொல்லி ஒதுங்கிவிடுகிறோம். வேண்டாம். பேசுங்கள். பிழை வந்தால் அங்கேயே நிறுத்தி, 'இது சரியில்லை போலிருக்கிறது, பார்ப்போம்' என்று அகராதியை எடுத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து தேடுங்கள். கணினி இயக்கத் தெரியவில்லையா? உங்களைவிட இருபது வயது இளையவரான சக ஆசிரியையிடம், பிள்ளைகள் பார்க்கும்படியே, 'சொல்லிக் குடும்மா' என்று கேளுங்கள். சாவியைத் தேடும் சாக்கில் கணினி ஆய்வகத்தைப் பூட்டியே வைக்காதீர்கள்.

இதில் ஒரு வரம்பு உண்டு, அதை மீறவே கூடாது. நாம் பணயம் வைக்க வேண்டியது நம் கௌரவத்தை. பிள்ளையின் ஓர் ஆண்டை அல்ல. புது முறை ஒன்றை இரண்டு வாரம் செய்து பாருங்கள். பிள்ளைகளுக்குப் பிடிபடவில்லை என்றால், 'நான் நினைத்தது நடக்கவில்லை, வேறு வழி பார்க்கலாம்' என்று அவர்களிடமே சொல்லி மாற்றுங்கள். சொல்லாமல் கைவிட்டால், முயன்று தோற்பது மறைக்க வேண்டிய குற்றம் என்றே புரிந்துகொள்வார்கள்.

அடுத்த பயிற்சி வரட்டும், அடுத்த ஆணை வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்தக் கடைசி வரிசைப் பிள்ளை எட்டாம் வகுப்போடு நின்று சூளைக்குப் போய்விட்டால், அதன் பிறகு வரும் உங்கள் துணிச்சலால் அதற்கு என்ன பயன்?

பள்ளி திறக்கும் முதல் நாள், அந்தப் பிள்ளையின் பக்கத்தில் போய் உட்காருங்கள். செங்கல்லுக்கு மண் பதமாகிவிட்டது என்று அப்பா எப்படிக் கண்டுபிடிப்பார் என்று கேளுங்கள். உங்களுக்குத் தெரியாது என்பதைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். அது சொல்லச் சொல்ல, அதன் கண்ணெதிரே உங்கள் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.