ஆளில்லாத படம்

சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு மஹய்யாவையிலிருந்து புறப்பட்டால், வெயில் ஏறுவதற்குள் ஹுன்னஸ்கிரியவைத் தாண்டிவிடலாம். தும்பர மலைத்தொடருக்குப் படம் பிடிக்கப் போகும்போதெல்லாம் இதுதான் எங்கள் கணக்கு. 'எங்கள்' என்பது நானும் என் சிங்கள நண்பரும். ஒரே பாடசாலையில் பல வருடங்கள் படிப்பித்தோம். இப்போது இருவரும் ஓய்வூதியக்காரர்கள். கார் அவருடையது, கெமராவின் முக்காலி என்னுடையது.

இறுக மூடிய கையின் விரல் முட்டிகளைப் போலத் தெரிவதால் வெள்ளைக்காரர் அந்த மலைகளுக்கு 'நக்கிள்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். 2000ஆம் ஆண்டில் அது பாதுகாக்கப்பட்ட வனமாக்கப்பட்டது. 2010இல் யுனெஸ்கோ, மத்திய மலைநாட்டை உலக மரபுரிமையாக அறிவித்தபோது இதுவும் அதில் சேர்ந்தது. லூல்வத்தையைக் கடந்து கோபட்ஸ் கெப்பில் இறங்கி நின்றால், கீழே மீமுரேப் பள்ளத்தாக்கும் எதிரே லக்கேகல மலையும் மூடுபனிக்குள் ஒளிந்து விளையாடும். படைத்தவனின் கைவண்ணத்தை அங்கே கண்டு 'சுப்ஹானல்லாஹ்' சொல்லாமல் நான் திரும்பியதில்லை.

ஆனால் அந்த இடத்துக்குப் போகும் பாதை திகனவுக்கும் தெல்தெனியவுக்கும் ஊடாகத்தான் போகிறது.

2018 மார்ச்சில் அங்கே நடந்தது இந்த ஏட்டின் வாசகர்களுக்குப் புதிதல்ல. கடைகள் எரிந்தன, வீடுகள் எரிந்தன, பள்ளிவாசல்கள் தாக்கப்பட்டன. எரிந்த வீடொன்றுக்குள் ஓர் இளைஞன் இறந்து கிடந்தான். நாடு முழுவதும் அவசரகால நிலை பிரகடனமானது. முகநூலும் வட்ஸ்அப்பும் சில நாட்கள் முடக்கப்பட்டன. அதன் பிறகு நாங்கள் அந்தப் பாதையால் பலமுறை போய்விட்டோம். திகன வந்ததும் நண்பர் வானொலியின் சத்தத்தைக் கூட்டுவார். நான் வெளியே பார்ப்பேன். கெமரா பைக்குள்ளேயே இருக்கும். அது அவருடைய குற்றவுணர்ச்சி என்றுதான் நான் நெடுநாளாக நினைத்திருந்தேன்.

கடைசிப் பயணத்தில் நடந்த ஒரு சின்ன விசயம் அந்த நினைப்பைக் கலைத்தது. கோபட்ஸ் கெப்பில் பனி விலகுகிற நேரம். சட்டகத்தைச் சரிசெய்து காத்திருக்கிறேன். கீழேயிருந்து ஒரு முதியவர் தோளில் மூட்டையோடு ஏறி வந்து, சரியாக என் படத்தின் நடுவில் மூச்சுவாங்க நின்றார். "ஐயா, கொஞ்சம் ஒதுங்குங்களேன்" என்று சிங்களத்தில் சொன்னேன். அவர் ஏதோ தப்புச் செய்தவரைப் போல வெட்கப்பட்டு, புல்லுக்குள் இறங்கி நின்றார். நான் படம் எடுத்தேன்.

"ஏன் மச்சான் அவரைத் தள்ளி நிற்கச் சொன்னாய்?" என்றார் நண்பர்.

"படம் சுத்தமாக இருக்கும்."

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "திகனவில் நான் றேடியோவைக் கூட்டுவதும் அதற்காகத்தான்" என்றார்.

எனக்குப் பதில் இருந்தது. சின்ன வயதில் ஓதப்பள்ளியில் லெப்பை சொல்லித்தந்த பதில் அது. படம் வரைந்து பிழைத்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்தபோது, வரைந்தே ஆகவேண்டுமென்றால் மரங்களையும் உயிரற்றவற்றையும் வரைந்துகொள்ளும்படி அவர் சொன்னதாக ஹதீஸ் உண்டு. கெமராப் படத்துக்கு இது பொருந்துமா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை. ஆனால் மலையையும் மரத்தையும் தேடிப் போகும் பழக்கம் எனக்கு அங்கிருந்துதான் வந்தது. கூச்சத்தோடு கேட்டுக்கொள்கிறேன்: அந்த அனுமதியை நான் எதற்குப் பயன்படுத்தினேன்? உயிரைப் படைப்பதுபோல் பாவனை செய்யாதே என்பது பணிவைச் சொல்லித்தந்த பாடம். அதை நான், உயிரோடு இருப்பவனைப் பார்க்காமல் தப்பிப்பதற்கு ஒரு சாட்டாக மாற்றிக்கொண்டேன்.

'ஆளில்லாத காடு' என்பதே பாதிப் பொய். அந்தக் காட்டின் நிழலில் தலைமுறைகளாக ஏலம் பயிரிட்டார்கள். காட்டைக் காக்க அதைத் தடுத்தது நியாயமாக இருக்கலாம். ஆனால் அங்கே யாருமே இருக்கவில்லை என்று என் படம் சொன்னால், அது நியாயமல்ல.

அப்படியானால் ஆட்களைச் சேர்த்துக்கொண்டால் போதுமா? அதுவும் இல்லை. ஜூலியா மார்கரட் கமரன் 1875இல் இலங்கைக்கு வந்து இங்கேயே 1879இல் மறைந்தவர். இங்கிலாந்தில் அவர் எடுத்த பெரிய மனிதர்களின் படங்கள் பெயரோடு நிற்கின்றன. இங்கே அவர் எடுத்த தோட்டத் தொழிலாளர் பலருக்குப் படங்களில் முகம் இருக்கிறது, பெயர் இல்லை. ஒருவரைச் சட்டகத்துக்குள் நிறுத்துவது வேறு, அவரிடம் பேர் கேட்பது வேறு.

எல்லாவற்றையும் ஒரு படத்தில் அடக்க முடியாது என்பது உண்மைதான். கெமரா ஒரு பக்கம் திரும்பினால் மறுபக்கம் விடுபடத்தான் செய்யும். ஒரு பூவைப் படம் பிடிக்கும் முன் எரிந்த கடைகளுக்கெல்லாம் கணக்குக் கொடுக்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. அழகைப் பார்ப்பது பாவமல்ல. ஆனால் தற்செயலாக விடுபடுவதும், நாமே ஒதுங்கச் சொல்வதும் ஒன்றல்ல. முன்னையது கண்ணின் எல்லை. பின்னையதற்கு மறுமையில் பதில் சொல்ல வேண்டிவரலாம்.

அன்று அந்த முதியவரிடம் போய் ஸொறி சொன்னேன். அவர் சிரித்தார். மூட்டையில் கொறக்காய். எங்கள் ஃபிளாஸ்கிலிருந்து மூவரும் பிளேன்டீ குடித்தோம். பேர் கேட்டேன், சொன்னார். படம் எடுக்கட்டுமா என்று கேட்டேன். "இந்தச் சட்டையோடு வேண்டாம்" என்றார். எடுக்கவில்லை.

திரும்பும் வழியில் திகனவில் நண்பர் வானொலியைப் போடவில்லை. ஒரு தேநீர்க் கடையில் காரை நிறுத்தினார். கடைக்காரர் எங்கள் ஆள். 2018ஐப் பற்றி யாரும் பேசவில்லை. வடை சூடாக இருந்தது, விலைவாசியைப் பற்றிப் பேசினோம். ஆனாலும் நின்றோம்.

மஹய்யாவைக்கு வந்து சேர இரவாகிவிட்டது. நகரத்தைக் கூட்டித் துடைக்கும் தொழிலாளர்களின் லயன் வீடுகள் என் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில்தான் இருக்கின்றன. இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். விடியற்காலையில் நான் முக்காலியோடு இறங்கும்போது அவர்கள் விளக்குமாறோடு இறங்குவார்கள். இத்தனை வருடங்களில் அவர்களில் எத்தனை பேருடைய பேர் எனக்குத் தெரியும் என்று எண்ணிப் பார்த்தேன்.

இரண்டு.