இல்லாத தந்தையும் சொல்லப்படாத உண்மையும்

ஒரு குடும்பத்தின் கடந்த காலம் துன்பம் தருவதாயின் அதனைப் பிள்ளைகளிடமிருந்து மறைப்பது அன்பா, அநீதியா? பொய்யுரைத்தல் பற்றிய அறவியல் விவாதம் பழமையானது. கொலைஞன் வாயிலில் நின்று நண்பனின் இருப்பிடத்தை வினவினும் பொய் கூறலாகாது என 1797ஆம் ஆண்டு கான்ற் வாதிட்டார். குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையின் நிலையைப் பெறும் என்பது வள்ளுவர் கொள்கை. ஆயின், அப்பொய்யின் சுமையை யார் சுமப்பது என்னும் வினா எஞ்சி நிற்கின்றது. கிரேக்க நெறியாளர் தியோ அங்கெலோபுலொஸின் 'மூடுபனியில் ஒரு நிலக்காட்சி' (1988) என்னும் திரைப்படம் இவ்வினாவை நம்முன் வைக்கின்றது.

சிறுமி வூலாவும் அவளது சின்னஞ்சிறு தம்பி அலெக்சாண்ட்ரொசும் ஜேர்மனியில் இருப்பதாக நம்பும் தந்தையைத் தேடிப் புகையிரதம் ஏறுகின்றனர். அவர்களிடம் பயணச்சீட்டும் இல்லை, முகவரியும் இல்லை. இந்நம்பிக்கையை ஊட்டியவள் தாய். 1960ஆம் ஆண்டு மேற்கு ஜேர்மனியுடன் செய்யப்பட்ட தொழிலாளர் ஒப்பந்தத்தின் பின்னர் இலட்சக்கணக்கான கிரேக்கர் அங்கு சென்றனர். ஆகவே 'அப்பா ஜேர்மனியில்' என்பது எவரும் ஐயுறாத விடை. வழியில் பிடிபட்ட பிள்ளைகளைப் பொலிசார் மாமனிடம் கொண்டுசெல்கையில், அப்படியொரு தந்தையே இல்லை என அவன் பொலிசாரிடம் கூறுகின்றான். அதனைக் கேட்ட வூலா ஏற்க மறுக்கின்றாள். பயணம் தொடர்கின்றது.

தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுதல் எளிது. தந்தை பெயரற்ற பிள்ளைகளை இழிவாக நோக்கும் சமூகத்தில் அவள் பொய் ஒரு கவசமாகவே பிறந்திருக்கும். எனினும் அக்கவசம் யாரைக் காத்தது? விளக்கம் கூறவேண்டிய கடமையிலிருந்து தாயை அது விடுவித்தது. பிள்ளைகளையோ பனியிலும் இருளிலும் அலையவிட்டது. வழியில் ஒரு லொறிச் சாரதியின் வன்கொடுமைக்கு வூலா ஆளாகின்றாள். நன்மை கருதிய பொய்யாயினும், அதன் விலையைச் செலுத்துபவர் அதனைச் சொன்னவர் அல்லர். எனவே அது குற்றமற்ற நன்மை என்னும் நிபந்தனையில் தோற்றுவிடுகின்றது.

அவ்வாறாயின் மாமன் செய்தது சரியா? அவன் கூறியது உண்மையே. ஆயின் அதனை அவன் பிள்ளைகளிடம் கூறவில்லை. தன் பொறுப்பைக் கைகழுவுவதற்காகப் பொலிசாரிடம் கூறினான். உண்மை உரியவரிடம் சேராது அவரைப் பற்றிய தகவலாக மாறும்போது அதுவும் ஒருவகைக் கைவிடலே. தாய் பொய் சொல்லி விலகினாள்; மாமன் உண்மை சொல்லி விலகினான். இருவரும் பிள்ளைகளருகே நின்று பேசவில்லை. தாய் திரையில் தோன்றுவதுகூட இல்லை. கதவின் வழியே விழும் ஒளியே அவள் வரவை உணர்த்துகின்றது.

தந்தை இன்மையின் வேதனையை நெறியாளர் சிறுவயதிலேயே அறிந்தவர். 1944 டிசம்பரில் ஏதென்ஸ் நகரில் மூண்ட மோதல்களின்போது அவருடைய தந்தை பிடித்துச் செல்லப்பட்டார். ஒன்பது வயதுச் சிறுவனாகத் தாயுடன் சேர்ந்து பிணங்களிடையே தந்தையைத் தேடினார். தந்தை பின்னர் உயிருடன் திரும்பினார். அங்கே தேடல் கொடியது. ஆயினும் தாய் மகனின் கையைப் பற்றி உடன் நடந்தாள். வூலாவுக்கு வாய்க்காதது அந்தக் கையே.

கிரேக்கத்துக்கும் ஜேர்மனிக்கும் பொது எல்லை கிடையாது. எனினும் இறுதியில் பிள்ளைகள் ஓர் எல்லையாற்றை இருளில் கடக்கின்றனர், துப்பாக்கி வெடிக்கின்றது. விடிந்ததும் மூடுபனியில் ஒரு மரம் தெரிகின்றது. அஞ்சும் அக்காளுக்குத் தம்பி ஒரு கதை சொல்லத் தொடங்குகின்றான். இருளிலிருந்து ஒளி பிறந்த அக்கதை, முன்னர் இரவுகளில் அவள் அவனுக்குச் சொன்னது. அதுவும் மெய்ப்பிக்க முடியாத கூற்றே. ஆயின் அது பொய்யன்று. ஏனெனில் சொல்பவனும் கேட்பவளும் ஒரே இருளில், ஒரே அச்சத்தில் நிற்கின்றனர்.

கடந்த காலத்தை அறிதல் பிள்ளைகளின் உரிமை. அதனை அறிவிப்பது மட்டும் மூத்தோர் கடன் ஆகாது. அறிந்தபின் எழும் துயரில் உடனிருப்பதும் அக்கடனின் பகுதியே. அப்பகுதியைச் செலுத்தாத உண்மைக்கும் பொய்க்கும் இடையே பிள்ளை காணும் வேறுபாடு சிறிதே.