டிரைவருக்கு எங்கே படுக்கை?

சென்னையில் ஆடிட்டராக இருக்கும் நண்பன் ஒருவன் பழைய பஸ் வாங்கி, அதை வீடாக மாற்றப்போகிறான். சீட்டுகளைக் கழற்றிவிட்டுக் கட்டில், கேஸ் அடுப்பு, ஃப்ரிட்ஜ், டாய்லெட், கூரையில் சோலார். பிளானையும் செல்போனில் அனுப்பிவிட்டான். ‘உங்க ஊர்ப் பக்கம்தானே பாடி கட்டுறாங்க, விசாரிச்சுச் சொல்லுடா!’

வாஸ்தவம்தான். லாரிக்கு நாமக்கல், பஸ்ஸுக்குக் கரூர். கூரையும் கண்ணாடியும் இல்லாத வெறும் சேஸிஸை, தலையில் துண்டு கட்டிய டிரைவர் ஓட்டிப்போவதை நெடுஞ்சாலையில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆனால், பதிவான வண்டியை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கும். 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதைக் கறாராகச் சொல்லிவிட்டது. கேரவனுக்கென்று ஏ.ஐ.எஸ். 124 என்ற தனி விதிமுறையே இருக்கிறது. ஆடிட்டருக்குச் சட்டம் சொல்லித்தர வேண்டுமா என்ன? விடுங்கள்.

எருமப்பட்டி போயிருந்தபோது பெரியப்பாவிடம் பிளானைக் காட்டினேன். முப்பது வருஷம் நேஷனல் பர்மிட் லாரி ஓட்டியவர். இப்போது திண்ணையில் உட்கார்ந்து கொல்லிமலையைப் பார்ப்பதுதான் வேலை.

“ஏங்கண்ணு, இதுக்கா இத்தன செலவு? நான் முப்பது வருசம் அதுலதானே குடியிருந்தேன்!” என்று சிரித்தார்.

பொய்யில்லை. மண்ணெண்ணெய் ஸ்டவ், அரிசி மூட்டை, தண்ணி கேன், கண்ணாடிக்கு மேலே முருகன் படம். அஸ்ஸாம் போனால் திரும்ப மாசக்கணக்காகும். கிளீனர் பையன் லோடு மேலே தார்ப்பாய்க்குள் சுருண்டுகொள்வான். ஆனாலும், அதை யாரும் ‘மோட்டார் ஹோம்’ என்று சொன்னதில்லை. பிழைப்பு என்றுதான் சொன்னார்கள். அதே சக்கரம், அதே சாலை. ஆசைப்பட்டுத் தூங்கினால் சொகுசு; வேறு வழியில்லாமல் தூங்கினால் பிழைப்பு.

பெரியப்பா போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். “உன் சிநேகிதனே ஓட்டுவானா?”

“இல்லீங்க பெரியப்பா, டிரைவர் போடுவான்.”

“அவனுக்கு எங்க படுக்கை?”

வாங்கிப் பார்த்தேன். ஷூ வைக்கக்கூட இடம் போட்டிருந்தான். டிரைவருக்கு சீட்தான் இருந்தது. மூன்று நாளாக நானும் அந்தப் பிளானை ரசித்துக்கொண்டிருந்தேன். எனக்கும் தோன்றவில்லை, பாருங்கள்!

போனில் கேட்டதும் நண்பனுக்குச் சுருக்கென்றது. “சம்பளம் தர்றேன், பேட்டா தர்றேன். லாட்ஜ்ல படுத்துக்கட்டுமே!” நியாயம்தான். காசு வாங்கிக்கொண்டுதானே வருகிறார்? ஆனால் ராத்திரி காட்டோரமாக, ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தத்தானே இத்தனை ஏற்பாடும்? அங்கே லாட்ஜ் ஏது? சம்பளம் வேலைக்கு. தூக்கத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? பி.காமில் எங்களுக்கு அதைச் சொல்லித்தரவில்லை. 1961-லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்து, நாளுக்கு எட்டு மணி நேரம்தான் வேலை என்றது. லாரி கேபினுக்கு ஏ.சி. கட்டாயமானதோ 2025-ல்தான்; அதுவும் புதிதாகத் தயாராகும் வண்டிகளுக்கு. டிரைவருக்கும் வேர்க்கும் என்று ஒப்புக்கொள்ள நமக்கு இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

நண்பனை மட்டும் குறை சொல்லி நான் தப்பிக்க முடியாது. எங்கள் அபார்ட்மென்ட்டில் இருபத்துநாலு வீடு. ஒவ்வொரு காருக்கும் கோடு போட்ட இடம் உண்டு. வாட்ச்மேன் மோட்டார் ரூமில் படுக்கிறார். வருஷா வருஷம் மீட்டிங்கில் கை தூக்குகிறவர்களில் நானும் ஒருவன். லிஃப்ட் பற்றிப் பேசியிருக்கிறேன், தண்ணீர் லாரி பற்றிப் பேசியிருக்கிறேன்.

நேற்று புதுப் பிளான் வந்திருக்கிறது. ஃப்ரிட்ஜ் சின்னதாகிவிட்டது. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் நீளமாக ஒரு கட்டம். கட்டிலா, சாமான் வைக்கிற பலகையா என்று எழுதவில்லை. அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது பெரியப்பாவிடம் காட்ட வேண்டும்.