ஏற்பும் மதிப்பும்

கலைப்படைப்பொன்றின் மதிப்பு அதனுள்ளேயே உறைகின்றதா, அன்றி அதனை ஏற்போரால் வழங்கப்படுகின்றதா? இவ்வினா அழகியலுக்கு மட்டுமன்றி அறவியலுக்கும் உரியது. நெடுங்காலம் புறக்கணிக்கப்பட்ட ஆபிரிக்க நவீன ஓவியர்கள் பிற்காலத்தில் உலகக் கலையரங்கில் இடம்பெற்ற வரலாறு இதனைக் கூர்மையாக எழுப்புகின்றது.

2013 இல் இலண்டன் ரேற் மொடேர்ண் கலைக்கூடம் சூடானிய ஓவியர் இப்ராஹிம் எல்-சலாஹியின் வாழ்நாட் படைப்புகளைத் திரட்டிக் காட்சிக்கு வைத்தது. ஆபிரிக்க நவீன ஓவியர் ஒருவருக்கு அங்கு அத்தகைய கண்காட்சி அமைந்தது அதுவே முதன்முறை. அப்போது அவருக்கு வயது 82. அவரோ இலண்டனுக்குப் புதியவரல்லர். 1950களில் அந்நகரின் ஸ்லேட் கலைக் கல்லூரியிற் பயின்றவர். ஆகவே, அவர் மறைந்திருந்தார் என்பதிலும் பார்க்க, பார்ப்போர் பாராதிருந்தனர் என்பதே பொருந்தும்.

அப்பாராமைக்குக் காரணம் அளவுகோலின் கோணலே. ஆபிரிக்க முகமூடிகளின் வடிவத்தை 1907 இல் பிக்காசோ தம் ஓவியத்திற் கையாண்டது பிற்காலத்தில் புதுமையெனப் போற்றப்பட்டது. ஆபிரிக்கர் ஐரோப்பிய உத்திகளைக் கையாண்டபோதோ அது போலியெனத் தள்ளப்பட்டது. ஒரே செயல் செய்பவரின் பிறப்பிடத்துக்கேற்ப இருவேறாக மதிக்கப்படுமாயின், அது இரசனைக் குறைபாடு மட்டுமன்று, அநீதியுமாகும்.

எனினும் எல்-சலாஹியை முதலில் வருத்திய புறக்கணிப்பு அந்நியருடையதன்று. தாயகம் திரும்பிக் கார்ட்டூமில் அவர் நடத்திய கண்காட்சியை அந்நகர மக்கள் நாடவில்லை. அவர் அம்மக்களைப் பழித்தாரல்லர். நாட்டிற் பயணஞ்செய்து, அவர்தம் சுவர்களை அழகுசெய்த அரபு எழுத்துகளையும் அணிவேலைகளையும் கூர்ந்து நோக்கினார்; எழுத்துகளைப் பிளந்து அவற்றினின்று புதிய உருவங்களைப் பிறப்பித்தார். 1975 இல் விசாரணையின்றிச் சிறைப்பட்டபோதும், தடையை மீறித் துண்டுத் தாள்களில் வரைந்து அவற்றை மணலிற் புதைத்து வைத்தார். காண்போர் எவருமற்ற அந்நிலையிலும் கலை கலையாகவே இருந்தது.

அவ்வாறாயின் ஏற்பு வேண்டாப் பொருளா? அன்று. ஏற்கப்படாத படைப்புகள் சிதறும். பின்வரும் மாணவர் தம் முன்னோரை அறியாது வளர்வர். ஆயின் சந்தையின் ஏற்பையே ஏற்பெனக் கொள்ளலாகாது. நைஜீரிய ஓவியர் பென் என்வொன்வு 1974 இல் வரைந்த ‘டுடு’ பல்லாண்டுகள் காணாதிருந்து, 2017 இல் இலண்டன் இல்லமொன்றிற் கண்டெடுக்கப்பட்டது. மறு ஆண்டு 12 இலட்சம் ஸ்ரேலிங் பவுணுக்கு ஏலம்போனது. அதனைக் காண ஓவியர் இல்லை. 1994 இலேயே மறைந்துவிட்டார். ஆனால் அவ்வோவியத்தின் அச்சுப் பிரதிகளை நைஜீரிய மக்கள் ஏலத்துக்குப் பல்லாண்டுகள் முன்னரே தம் வீட்டுச் சுவர்களில் மாட்டியிருந்தனர்.

ஆதலின், காலந்தாழ்த்திய ஏற்பு கலைஞனுக்கு உலகம் ஈயும் கொடையன்று. உலகம் தன் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் செயலாகும். கடனைத் தீர்ப்பவன் வள்ளலெனப் பெயர்பெற விழைதல் அறமாகாது.