கடையில் அமரும் உரிமை

திருத்தணிக் கடைத்தெருவில் கைலி விற்கும் அன்பர் ஒருவர் நம்மிடம் வந்தார். அவருடைய மகனுக்கு வயது 22. பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குன்றியவன். துணி மடிப்பதில் அவனுக்கு இணையில்லை. மீதிச் சில்லறை கொடுப்பதில்தான் தடுமாற்றம். ஆடிக்கிருத்திகைக் கூட்டத்தில் எவனோ ஏமாற்றிப் போனதிலிருந்து அவனை வீட்டிலேயே இருத்திவிட்டார்கள். "கேள்வி கணக்கில்லாத பிள்ளை, ஹஜ்ரத்! வீட்டில் நிம்மதியாக இருக்கட்டுமே" என்றார். நாள்தோறும் காலையில் அவன் சட்டை அணிந்து வாசலில் வந்து நிற்கிறான் என்பதையும் அவரே சொன்னார்.

கேள்வி கணக்கை நீக்கியது இறைவனின் கருணை. அதையே காரணமாக்கி, தொழிலையும் தெருவையும் நீக்கிவிட நமக்கு அதிகாரம் தந்தவர் யார்? 'ஹஜ்ர்' எனும் தடை ஃபிக்ஹில் உண்டு, மறுக்கவில்லை. ஆயினும் ஹப்பான் இப்னு முன்கித் (ரலி) அவர்களின் செய்தியைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். தலையில் பட்ட காயத்தால் அவருடைய நாவும் அறிவும் தளர்ந்திருந்தன. வணிகத்தில் அடிக்கடி ஏமாந்தார். அவருக்குத் தடைவிதிக்குமாறு குடும்பத்தாரே நபி (ஸல்) அவர்களிடம் வேண்டினர். அவரோ, வணிகம் செய்யாமல் தம்மால் இருக்க இயலாது என்றார். பெருமானார் தடைவிதிக்கவில்லை. 'ஏமாற்று இல்லை' என்று பொருள்படும் 'லா கிலாபா' எனும் சொல்லைச் சொல்லி விற்கவும் வாங்கவும் பணித்தார்கள். மூன்று நாள் அவகாசமும் அளித்தார்கள். அச்சொல்லையும் அவர் நாவு 'லா கியாபா' என்றே மொழிந்ததாம்! அவர் பிறவியில் அவ்வாறிருந்தவர் அல்லர் என்பது மெய்யே. வீட்டார் கேட்ட கேள்வி ஒன்றுதான்.

அனாதைகளைச் சோதித்து, விவேகம் கண்டால் பொருளை ஒப்படைக்குமாறு 'அந்நிஸா' அத்தியாயம் கூறுகிறது. சோதிக்கும் முறையை இமாம் நவவீ (ரஹ்) 'மின்ஹாஜி'ல் விளக்குவார்கள்: வணிகன் மகனைப் பேரம் பேச விட வேண்டும், உழவன் மகனைப் பயிர்ச்செலவை நடத்த விட வேண்டும், அதுவும் ஒருமுறை போதாது. ஒருமுறை வென்றது தற்செயலாகலாம் எனில், ஒருமுறை தோற்றதும் அவ்வாறே அன்றோ?

நாட்டின் சட்டமும் இவ்வழியே வந்திருக்கிறது. 1999ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகையோருக்குக் காப்பாளரை நியமிக்க வகை செய்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டமோ, காப்பாளர் அவரோடு கலந்தே முடிவெடுக்க வேண்டும் என்கிறது.

கைக்குட்டைகளுக்கு ஒரே விலை வைத்து, அவற்றை மட்டும் அவனிடம் விடுமாறு சொன்னோம். இப்பொழுது அஸர் முதல் மஃரிப் வரை அவன் கடையில் அமர்கிறான். சென்ற வெள்ளியன்று நாமும் ஒன்று வாங்கினோம். மீதியை இருமுறை எண்ணித் தந்தான். ஐந்து ரூபாய் கூடுதலாயிருந்தது. சொல்லித் திருப்பிக் கொடுத்தோம், மீண்டும் எண்ணினான். தந்தை பார்த்துக்கொண்டிருந்தார், எழுந்து வரவில்லை.